இலக்கறிந்த மருந்து: பால் எர்லிக்

பயிரிடையே களை மண்டிய வயலைக் காண்கின்றோம். களையை அழித்தல் வேண்டும்; பயிரைக் காத்தலும் வேண்டும். வயலுக்குத் தீ மூட்டினால் களை அழியும்; ஆயின், பயிரும் உடன் கருகும். ஆதலின், அறிவுடைய உழவன் குனிந்து நின்று, களை இது, பயிர் இது எனப் பிரித்தறிந்து, களையை மட்டுமே பறித்தெறிகின்றான். நோயை நீக்க முனையும் மருத்துவனுக்கும் இவ்விடர்ப்பாடு உண்டு. உடலினுட் புகுந்த நோயைக் கொல்லும் ஆற்றல் நஞ்சுகள் பலவற்றுக்கு உண்டு. ஆனால், அந்நஞ்சு நோயை மட்டும் தாக்கி உடலை விட்டுவிடுமா? களையையும் பயிரையும் வேறுபடுத்திக் காணும் கண் மருந்துக்கு வாய்க்குமா?

இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் நெஞ்சிற் சுமந்து திரிந்தவர் ஒருவர். இலக்கையன்றிப் பிறிதொன்றைத் தீண்டாத அம்பினைப் போன்ற மருந்தை ஆக்க முடியும் என்று நம்பியவர் அவர். நம்பியதோடு அமையாது, ஓரளவு ஆக்கியும் காட்டியவர். அவரே ஜெர்மானிய மருத்துவ அறிஞர் பால் எர்லிக் ஆவார்.

பிறப்பும் கல்வியும்

எர்லிக் 1854ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14ஆம் நாள், அந்நாளில் பிரஷ்யாவைச் சேர்ந்திருந்த சைலீசியாவில், ஸ்டிரேலன் என்னும் சிற்றூரில், யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவ்வூர் இப்பொழுது போலந்து நாட்டில் உள்ளது. தந்தையார் இஸ்மார் விடுதி நடத்தி வந்தவர், அன்னையார் ரோசா. பாட்டனார் நூல் பல சேர்த்து வைத்திருந்தவர். அறிவியலில் ஈடுபாடு மிக்கவர். கார்ல் வைகெர்ட் என்னும் தாய்வழி உறவினர் எர்லிக்கினும் ஒன்பது ஆண்டு மூத்தவர். உடற்கூறுகளை மெல்லிய தகடுகளாகச் சீவி, அவற்றுக்குச் சாயமூட்டி, நுண்பெருக்கியில் ஆராய்வதில் வல்லவர். இளமையிலேயே எர்லிக்கின் உள்ளத்தில் வண்ணங்களின்மேல் வேட்கையை மூட்டியவர் இவரே.

அக்காலம் சாயத்தொழில் செழிக்கத் தொடங்கிய காலம். எர்லிக் பிறந்த இரண்டாம் ஆண்டில், அஃதாவது 1856இல், இலண்டனில் வில்லியம் பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது இளைஞர் நிலக்கரிக் கீலிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டு முதற் செயற்கைச் சாயத்தை ஆக்கினார். அதன்பின் நீலமும் சிவப்பும் பச்சையுமாகப் புதுப்புதுச் சாயங்கள் ஜெர்மானியத் தொழிற்சாலைகளிலிருந்து வெளிவந்தவண்ணம் இருந்தன. பிறர் அவற்றை ஆடைக்கு நிறமூட்டப் பயன்படுத்தினர். எர்லிக் உயிருக்குள் ஒளிந்து கிடப்பதைக் காட்டும் விளக்காக அவற்றைப் பயன்படுத்தினார்.

பிரெஸ்லௌ நகரப் பள்ளியிற் பயின்றபோது எர்லிக்குக்கு இலத்தீனும் கணிதமும் எளியவாயின. தேர்வுகளோ வேம்பாய்க் கசந்தன. பின்னர்ப் பிரெஸ்லௌ, ஸ்டிராஸ்பர்க், பிரைபர்க், லைப்சிக் ஆகிய நகரங்களின் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் பயின்றார். பாடத்திட்டம் ஒருபுறம் கிடக்க, அவர் தம் மேசையின் முன் அமர்ந்து சாயங்களைக் கலந்துகொண்டிருப்பார். மேசையும் கைகளும் உடையும் பல நிறக் கறைகளால் நிறைந்திருக்கும். காசநோய்க் கிருமியைப் பின்னாளில் கண்டறிந்த இராபர்ட் கோக்கு ஒருமுறை பிரெஸ்லௌவுக்கு வந்திருந்தார். சாயமூட்டுவதில் மிகக் கெட்டிக்காரன், ஆனால் தேர்வில் ஒருநாளும் தேறமாட்டான் என்று சொல்லியே அவருக்கு எர்லிக்கை அறிமுகம் செய்து வைத்தனர் என்பர். அவ்வாறு சொன்னவரின் கணிப்புப் பொய்த்தது. 1878ஆம் ஆண்டு லைப்சிக் பல்கலைக்கழகத்தில், சாயமூட்டும் கலையைப் பற்றியே ஆராய்ச்சியுரை எழுதி, எர்லிக் மருத்துவப் பட்டம் பெற்றார்.

சாயம் காட்டிய வழி

அதே ஆண்டில் எர்லிக் பெர்லின் நகரத்துச் சாரிட்டே மருத்துவமனையிற் பணியேற்றார். அங்கே குருதித் துளிகளைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிதாகப் பரப்பி, வெப்பத்தால் உலர்த்திச் சாயமூட்டினார். வெள்ளணுக்கள் பல வகையினவாய்ப் பிரிந்து தோன்றின. சில அமிலச் சாயத்தை ஏற்றன. சில காரச் சாயத்தை ஏற்றன. சில இரண்டற்கும் இடைப்பட்டதை ஏற்றன. குருதி ஆய்வு இன்று மருத்துவத்தின் இன்றியமையாத உறுப்பாக விளங்குவதற்கு இம்முயற்சியே அடிப்படையாகும்.

1882ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24ஆம் நாள், காசநோய்க்குக் காரணமான கிருமியைத் தாம் கண்டறிந்ததைக் கோக்கு பெர்லினில் அறிஞர் அவையில் வெளியிட்டார். அவ்வவையில் எர்லிக்கும் இருந்தார். அன்றிரவே அவர் தம் ஆய்வறைக்குச் சென்று, அக்கிருமியை இன்னும் எளிதிற் காட்டும் சாய முறையைத் தேடலானார். உலரட்டும் என்று அடுப்பின்மேல் வைத்துச் சென்ற கண்ணாடித் தகடுகள், ஒருவர் அறியாது அடுப்பை மூட்டியமையால் சூடேறி, கிருமிகள் முன்னினும் தெளிவாகத் தோன்ற ஏதுவாயிற்று என்று கூறுவர். எர்லிக் திருத்தியமைத்த அம்முறையின் மாற்றுருவங்கள் இன்றும் காசநோயாளரின் சளியைச் சோதிக்கப் பயன்படுகின்றன.

எனினும், எர்லிக்கின் உள்ளத்தை ஆட்கொண்டது சாயத்தின் அழகன்று. அதன் தேர்ந்தெடுக்கும் இயல்பே. 1886ஆம் ஆண்டையொட்டி அவர் மெத்திலீன் நீலம் என்னும் சாயத்தை உயிருள்ள விலங்கின் குருதியிற் செலுத்திப் பார்த்தார். அது தசையையும் எலும்பையும் விட்டு நரம்பிழைகளை நாடிச் சென்று அவற்றை நீலமாக்கிற்று. ஒரு சாயம் உடலெங்கும் சுற்றிவந்தும் தனக்குரிய இடத்தை மட்டும் பற்றுமாயின், மருந்தும் அவ்வாறே நோயை மட்டும் பற்றாதா? இவ்வெண்ணம் மின்னலென அவர் உள்ளத்திற் பளிச்சிட்டது. அதே நீலம் மலேரியாக் காய்ச்சலின் நுண்ணுயிர்களைப் பற்றுவதைக் கண்டு, 1891இல் நோயாளர் இருவருக்கு அதனையே மருந்தாகக் கொடுத்தார், இருவரும் நலமெய்தினர். கொய்னாவைப் போன்ற வலிமை அதற்கு இல்லையாயினும், ஆய்வறையில் ஆக்கிய சாயம் ஒன்று நோய் தீர்க்கும் மருந்தாகவும் ஆகலாம் என்பது அன்று விளங்கிற்று.

நோயும் மீட்சியும்

இதற்கிடையில் எர்லிக்கின் வாழ்வில் துன்பம் சூழ்ந்தது. 1883இல் அவர் ஹெட்விக் பிங்கஸ் என்னும் நங்கையை மணந்து, இரு பெண்மக்களுக்குத் தந்தையானார். அவரை அன்புடன் ஊக்கிய மருத்துவமனைத் தலைவர் 1885இல் மறைந்தார். புதிய தலைவர் அவருடைய ஆராய்ச்சிக்கு முன்போல் இடந்தரவில்லை; எர்லிக் அப்பணியினின்றும் விலகினார். 1888இல், தாமே செம்மைப்படுத்திய சாய முறையால் தம் சளியைச் சோதித்தபோது, அதில் காசநோய்க் கிருமிகள் காணப்பட்டன. பிறர் நோயைக் காட்டிய விளக்கு தம் நோயையும் காட்டிற்று. எர்லிக் மனந்தளராது, வெப்பநாடான எகிப்துக்குச் சென்று தங்கி, உடல் தேறி 1889இல் பெர்லினுக்கு மீண்டார்.

மீண்டு வந்தவருக்குப் பதவி யாதும் இல்லை. எனவே, சிறியதோர் ஆய்வறையைத் தாமே அமைத்துக்கொண்டு, நம் நாட்டாருக்கு நன்கு பழக்கமான இரண்டு வித்துகளின் நஞ்சை ஆராய்ந்தார். ஒன்று ஆமணக்கு, மற்றொன்று குன்றிமணி. இவற்றின் நஞ்சைச் சுண்டெலிகளுக்கு மிகச் சிறிய அளவில் தொடங்கி, நாளடைவில் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்தார். முன்பு கொல்லும் அளவாயிருந்த நஞ்சைப் பின்னர் அவ்வெலிகள் எளிதில் தாங்கின. ஆயின், ஆமணக்கு நஞ்சைத் தாங்கப் பழகிய எலி குன்றிமணி நஞ்சால் மாண்டது. குன்றிமணி நஞ்சைத் தாங்கிய எலி ஆமணக்கு நஞ்சால் மாண்டது. எனவே, உடல் தன்னைக் காத்துக்கொள்ள ஆக்கும் எதிர்ப்பொருள் தனக்குரிய பகையை மட்டுமே அறியும் என்பதும், மற்றொன்றை அது நோக்குவதில்லை என்பதும் புலனாயின. இயற்கை தன் கையில் இலக்கறிந்த அம்புகளை வைத்திருக்கின்றது என்பதை எர்லிக் உணர்ந்தார்.

கோக்கு 1891இல் எர்லிக்கைத் தம் நிலையத்துக்கு அழைத்துக்கொண்டார். அங்கே எமில் பேரிங் என்னும் அறிஞர், சிறுவரைக் கொள்ளை கொண்ட டிப்தீரியா என்னும் தொண்டையடைப்பான் நோய்க்கு எதிர்நஞ்சைக் கண்டிருந்தார். ஆனால், ஒரு புட்டியில் இருந்த மருந்தின் வலிமை மற்றொரு புட்டியில் இல்லை. மருத்துவர் எவ்வளவு கொடுப்பது என்று அறியாது திகைத்தனர். அதன் வலிமையைத் திட்டமாக அளந்தறியும் முறையை வகுத்தளித்தவர் எர்லிக்கே. அளவறியாத மருந்து மருந்தாகாது என்பது அவர் கொள்கை. இப்பணியின் பயனாக, 1896இல் பெர்லினை அடுத்த ஸ்டெக்லிட்சில் ஒரு நிலையத்துக்கும், 1899இல் பிராங்பர்ட் நகரில் அமைந்த பெரியதொரு நிலையத்துக்கும் தலைவரானார்.

பூட்டும் திறவுகோலும்

நஞ்சும் எதிர்ப்பொருளும் ஒன்றையொன்று எவ்வாறு அறிகின்றன? இதற்கு எர்லிக் 1897இல் ஒரு விளக்கம் தந்தார். உயிரணுவின் புறத்தே சிறு சிறு கிளைகள் போன்ற உறுப்புகள் உள்ளன. உணவை ஏற்பதற்கு அமைந்த அக்கிளைகளில், வடிவாற் பொருந்தும் நஞ்சும் வந்து மாட்டிக்கொள்கின்றது, பூட்டில் திறவுகோல் பொருந்துவது போல. தன் கிளைகளை இழந்த உயிரணு அவற்றை மிகுதியாகப் படைத்துக் குருதியில் உதிர்க்கின்றது. உதிர்ந்த கிளைகளே நஞ்சைப் பற்றி அடக்கும் எதிர்ப்பொருள்கள். இக்கொள்கையின் பகுதிகள் சில பிற்காலத்தில் திருத்தப்பட்டன. ஆயினும், உயிரணுவின் புறத்தே ஏற்பிகள் உள்ளன என்பதும், பொருந்துவதே பற்றும் என்பதும் மருந்தியலின் அடித்தளமாக நிலைத்துவிட்டன. 1908ஆம் ஆண்டு மருத்துவத்துக்குரிய நோபெல் பரிசு எர்லிக்குக்கும், கிருமிகளை விழுங்கும் உயிரணுக்களைக் கண்டறிந்த உருசிய அறிஞர் மெக்னிக்காவ் என்பவருக்கும் பகிர்ந்தளிக்கப்பெற்றது.

606 என்னும் மருந்து

எதிர்நஞ்சு எல்லா நோய்க்கும் கிடைப்பதில்லை. இயற்கை அம்பு தராத இடத்தில் மனிதனே அம்பு செய்துகொள்ள வேண்டும் என்று எர்லிக் துணிந்தார். ஜெர்மானியர் பழங்கதைகளில், எய்தவன் குறியை ஒருநாளும் தவறாத மந்திரத் தோட்டா பேசப்படும். நம்மவர் இராமபாணம் என்று கூறுவதைப் போன்றது அது. எர்லிக் தாம் தேடிய மருந்துக்கு அப்பெயரையே இட்டார். இரசாயனப் பொருள்களால் நோய்க்கிருமிகளை அழிக்கும் முறைக்குக் கீமோதெரபி என்று பெயர் சூட்டியவரும் அவரே. இன்று புற்றுநோயாளர் இல்லந்தோறும் வழங்கும் அச்சொல் அவர் ஆக்கித் தந்ததாகும்.

மருந்தை மதிப்பிடுவதற்கு எர்லிக் ஓர் உரைகல்லையும் வகுத்தார். நோயைத் தீர்ப்பதற்குத் தேவையான மிகச் சிறிய அளவு யாது? உடல் தாங்கக்கூடிய மிகப் பெரிய அளவு யாது? இவ்விரண்டிற்கும் இடைவெளி மிகுந்திருப்பின் அது நல்ல மருந்து. குறைந்திருப்பின் அது நஞ்சே. நோயைக் கொன்றதா என்று மட்டும் கேளாமல், நோயாளியை எவ்வளவு வருத்திற்று என்றும் கேட்கும் நேர்மை இவ்வுரைகல்லில் உண்டு.

1904இல் எர்லிக்கும் சப்பானிய அறிஞர் சிகாவும் டிரிப்பான் சிவப்பு என்னும் சாயத்தால் சுண்டெலிகளின் குருதியில் வாழும் ஒருவகை நுண்ணுயிரை அழித்தனர். ஏறக்குறைய அக்காலத்தில், பாடாணம் எனப்படும் ஆர்செனிக்கைக் கொண்ட அடாக்சில் என்னும் மருந்து ஆப்பிரிக்காவில் உறக்கநோய்க்குக் கொடுக்கப்பட்டு வந்தது. அது நோயைத் தணித்தது. ஆனால், நோயாளர் சிலருடைய கண்ணொளியைப் பறித்தது. உயிரைக் காக்க வந்த மருந்து கண்ணைக் கவர்ந்து செல்வதா? எர்லிக்கும் அவர்தம் உதவியாளர் ஆல்பிரட் பெர்தைமும் அதன் உள்ளமைப்பை ஆராய்ந்து, அதுபற்றி முன்பு கூறப்பட்டு வந்தது தவறு என்று 1907இல் நிறுவினர். அமைப்புத் தெரிந்தபின் அதில் ஓரிடத்தை மாற்றலாம். ஓர் அணுவைக் கூட்டலாம். ஓர் அணுவைக் குறைக்கலாம். நஞ்சின் கூர்மை நோயின்மேல் மட்டும் செல்லுமாறு அதனைத் திருத்தும் பெருமுயற்சி தொடங்கிற்று.

இம்முயற்சிக்கு வேண்டும் பொருளை வழங்கியவர் பிரான்சிஸ்கா ஸ்பையர் என்னும் பெருமாட்டியார். மறைந்த தம் கணவர் கியார்க் ஸ்பையரின் நினைவாக அவர் பிராங்பர்ட் நகரில் ஆராய்ச்சி இல்லம் ஒன்றை நிறுவினார். அங்கே எர்லிக் பணியாற்றிய முறை காண்போரை வியப்பில் ஆழ்த்தியது. கையில் சுருட்டும் கக்கத்தில் சுருட்டுப் பெட்டியுமாக அவர் நடமாடுவார். நாற்காலிகளின்மேலும் நூல்கள் குவிந்து கிடக்கும்; வந்தவர் அமர இடமிராது. நாள்தோறும் தம் உதவியாளர் ஒவ்வொருவருக்கும் செய்யவேண்டிய பணியை வண்ணச் சீட்டுகளில் எழுதி அனுப்புவார். நினைவுக்கு வந்ததைச் சட்டைக் கையிலும் மேசை விரிப்பிலும் எழுதிவைப்பார். ஆராய்ச்சியில் வெற்றி பெறப் பொருளும் பொறுமையும் கைத்திறனும் நற்பேறும் ஆகிய நான்கும் வேண்டும் என்பது அவர் கருத்து. இந்நான்கனுள் பொறுமையே அவருக்கு எஞ்ஞான்றும் குறையாத செல்வமாய் இருந்தது.

ஆய்வறையில் ஆக்கிய பொருள் ஒவ்வொன்றும் எண்ணிடப் பெற்றது. பல நூறு பொருள்கள் ஆக்கப்பட்டன; விலங்குகளிற் சோதிக்கப்பட்டன; பயனிலவென்று ஒதுக்கப்பட்டன. 606 என்னும் எண் கொண்ட பொருளும் 1907இல் ஆக்கப்பட்டு, சோதித்தவரால் பயனற்றதெனத் தள்ளப்பட்டது. 1905இல் மேகநோயின் கிருமி கண்டறியப்பட்டிருந்தது. பல தலைமுறைகளாக மக்களை உருக்குலைத்து வந்த கொடிய தொற்றுநோய் அது. பாதரசமே அதற்கு மருந்தாக இருந்தது. அம்மருந்தோ நோயினும் கொடியதாயிருந்தது. 1909இல் சப்பானிலிருந்து சகாச்சிரோ ஹட்டா என்னும் இளைஞர் வந்து சேர்ந்தார். முயல்களுக்கு அந்நோயை உண்டாக்கிச் சோதிக்கும் முறையில் அவர் தேர்ந்தவர். ஒதுக்கியவை உட்பட எல்லாப் பொருள்களையும் மீண்டும் முதலிலிருந்து சோதிக்குமாறு எர்லிக் அவரைப் பணித்தார். ஹட்டா சிறிதும் சலியாது ஒவ்வொன்றாகச் சோதித்து வந்தார். 606இன் முறை வந்தது. ஊசி செலுத்திய மறுநாள், முயலின் புண்ணில் உயிருள்ள கிருமி ஒன்றேனும் காணப்படவில்லை. சின்னாளில் புண்ணும் ஆறியது. முன்னர் ஒருவர் கவனக்குறைவாகத் தள்ளிய கல்லே மாணிக்கமாய் ஒளிவிட்டது.

பழியும் பொறுமையும்

1910ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் வீஸ்பாடன் நகரில் கூடிய மருத்துவர் மாநாட்டில் இச்செய்தி வெளியாயிற்று. உலகெங்குமிருந்து மருத்துவர்கள் மருந்தை வேண்டி எழுதினர். எர்லிக் அவசரப்படவில்லை. மருத்துவர்க்கு ஏறத்தாழ 65,000 பேருக்கான மருந்தை விலையின்றி அளித்து, நோயாளர் ஒவ்வொருவரின் நிலையையும் எழுதியனுப்புமாறு கேட்டார். அதன்பின்னரே ஹோக்ஸ்ட் தொழிற்சாலை சல்வார்சான் என்னும் பெயரில் அதனை விற்பனைக்குக் கொணர்ந்தது.

அம்மஞ்சள் தூள் காற்றுப் பட்டால் கெடும். ஆதலின் மூடிய கண்ணாடிக் குப்பிகளில் அடைக்கப்பெற்றது. அதனைச் செவ்வையாகக் கரைத்து நரம்பிற் செலுத்துதல் வேண்டும். முறை பிறழ்ந்தால் தீங்கு நேரும். தீங்கு நேரவும் செய்தது. சிலர் மாண்டனர். அவ்வாறான செய்தி ஒவ்வொன்றும் எர்லிக்கின் உறக்கத்தைக் கெடுத்தது. அவர் அவற்றை மறைக்கவில்லை. எங்கே, எவருக்கு, எவ்வளவு, எவ்வாறு கொடுக்கப்பட்டது என்று விடாது வினவிக் காரணம் தேடினார். 1912இல் எளிதிற் கரையும் புதிய வடிவத்தை வெளியிட்டார். எனினும், அவர் மக்களை வைத்துச் சோதனை செய்கின்றார் என்றும், பொருளீட்டுகின்றார் என்றும் பழி தூற்றியோர் பலர். யூதர் என்பதனால் வெறுத்தோரும் உளர். 1914இல் அப்பழி வழக்குமன்றம் வரை சென்றது. பழி தூற்றியவர் தண்டனை பெற்றார். ஆனால், எர்லிக்கின் உடல் தளர்ந்துவிட்டது. அவ்வாண்டே முதல் உலகப் போரும் மூண்டது. வேற்று நாட்டு அறிஞரோடு அவர் கொண்டிருந்த தொடர்பு அறுந்தது. 1915ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20ஆம் நாள், பாட் ஹோம்பர்க் என்னும் ஊரில் எர்லிக் தம் அறுபத்தொன்றாம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார். பிராங்பர்ட் நகரில் அவர் பெயர் தாங்கிய தெருவின் பெயரைப் பின்னாளில் ஹிட்லர் ஆட்சியினர் அழித்தனர். போருக்குப்பின் அப்பெயர் மீண்டும் பொறிக்கப்பெற்றது.

வெல்ல முடியாத பகை

எர்லிக் வெல்லக் கருதியும் வெல்ல இயலாத பகை ஒன்று உண்டு. அதுவே புற்றுநோய். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பிராங்பர்ட்டில் அவர் சுண்டெலிகளின் கட்டிகளை ஓர் எலியிலிருந்து மற்றோர் எலிக்கு மாற்றி வளர்த்து ஆராய்ந்தார். உடலில் புற்றணுக்கள் அடிக்கடி தோன்றக்கூடும் என்றும், உடலின் காப்பாற்றலே அவற்றைப் பெரும்பாலும் அடக்கிவைக்கின்றது என்றும் 1909இல் கருத்துரைத்தார். ஆனால், அதற்குரிய மந்திரத் தோட்டா அவர் கைக்கு எட்டவில்லை. காரணம் வெளிப்படை. கிருமி வெளியிலிருந்து வந்த அயலான். அதனை வேறுபடுத்தி அறியலாம். புற்றணுவோ நம் உடலிலேயே பிறந்து, நம் உயிரணுவின் உருவைத் தாங்கி, கட்டுக்கடங்காது பெருகுவது. அது களையன்று, நெறி பிறழ்ந்த பயிர். அதனைக் கொல்லும் நஞ்சு பயிரையும் கொல்லும்.

எர்லிக் மறைந்து ஒரு தலைமுறை கழிந்தபின், 1940ஆம் ஆண்டுகளில், புற்றுநோய்க்கு இரசாயன மருந்துகள் தோன்றின. விரைந்து பெருகும் உயிரணுக்களை அவை கொன்றன. ஆயின், மயிர்க்காலும் குடலின் உட்புறமும் எலும்பு மச்சையும் அவ்வாறே விரைந்து பெருகுவன. எனவே, அவையும் உடன் தாக்குண்டன. மயிர் உதிர்தலும் ஓயாத வாந்தியும் குருதிக் குறைவும் நோயாளரை வாட்டின. டாக்சோரூபிசின் என்னும் வலிய மருந்து நெஞ்சப்பையையே நலிவித்தது. எர்லிக்கின் உரைகல்லில் உரைத்துப் பார்த்தால், தீர்க்கும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. வயலுக்குத் தீ மூட்டும் முறையினின்றும் உழவனின் முறைக்கு மாறுவது எவ்வாறு?

நுண்துகள் என்னும் தேர்

மருந்தைத் தனியே அனுப்பாது, அதனை ஒரு தேரில் ஏற்றி அனுப்பலாம் என்று அறிஞர் சிலர் எண்ணினர். 1960ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் அலெக் பாங்கம் என்பவர், ஒருவகைக் கொழுப்புப் பொருள் நீரிற்பட்டதும் தானே மூடிய நுண்குமிழிகளாகத் திரள்வதைக் கண்டார். அப்பதிற்றாண்டின் இறுதியில், சூரிக்கு நகரில் பீட்டர் ஸ்பைசர் என்னும் அறிஞர் எர்லிக்கின் மந்திரத் தோட்டாவை நினைவிற் கொண்டே மருந்து தாங்கும் நுண்துகள்களை ஆக்க முனைந்தார். இத்துகள்களின் அளவை நானோமீட்டரால் கூறுவர். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர் ஆகும். குருதியின் சிவப்பணு ஒன்று ஏறத்தாழ 7,000 நானோமீட்டர் அகலம் உடையது. மருந்தேற்றிய நுண்துகளோ பெரும்பாலும் 100 நானோமீட்டர் அளவினது.

இவ்வளவு சிறிய தேர் புற்றுக்கட்டியை எவ்வாறு அறியும்? இதற்கு விடை 1986இல் சப்பானிய அறிஞர் மாத்சுமுரா, மயேடா இருவரால் கிடைத்தது. வேகமாக வளரும் கட்டி தன் குருதிக்குழாய்களைச் செம்மையாக அமைப்பதில்லை. அவற்றின் சுவரில் இடுக்குகள் உள. நல்ல உறுப்பின் குழாய்ச்சுவரைக் கடவாத நுண்துகள், கட்டியின் குழாய்ச்சுவரிலுள்ள இடுக்கு வழியே கசிந்து உட்புகுகின்றது. உட்புகுந்தது எளிதில் வெளியேறுவதுமில்லை. பகைவன் கோட்டையின் குறையே படை புகும் வாயிலாகின்றது.

ஆயினும், வழியில் ஓர் இடையூறு உண்டு. ஈரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கும் உயிரணுக்கள் அயற்பொருளென்று கண்ட துகள்களை விழுங்கிவிடுகின்றன. அவை எர்லிக்கோடு நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மெக்னிக்காவ் கண்டறிந்த காவலரின் இனத்தனவே. ஒருவர் எண்ணிய அம்பை மற்றவர் காட்டிய காவலர் தடுத்தனர். அவர்தம் கண்ணுக்கு எளிதிற் படாதவாறு துகளின்மேல் நீரை ஈர்த்துக்கொள்ளும் மென்மையான போர்வை ஒன்றைப் போர்த்தும் முறை பின்னர்க் கண்டறியப்பட்டது. இவ்வாறு போர்த்திய கொழுப்புக் குமிழியில் டாக்சோரூபிசினை அடைத்த மருந்துக்கு 1995இல் அமெரிக்க அரசு இசைவு அளித்தது. நெஞ்சப்பைக்கு நேரும் தீங்கு அதனாற் பெரிதும் குறைந்தது. 2005இல், குருதியில் இயல்பாக உள்ள ஆல்புமின் என்னும் புரதத்தோடு இணைத்துச் சுமார் 130 நானோமீட்டர் துகளாக்கிய மற்றொரு புற்றுநோய் மருந்துக்கும் இசைவு கிடைத்தது.

எர்லிக் சொன்ன பூட்டும் திறவுகோலும் நேராகவே பயன்பட்ட இடமும் உண்டு. 1975இல் கோலர், மில்ஸ்டைன் என்னும் இருவர் ஒரே வகையான எதிர்ப்பொருளைப் பேரளவில் ஆக்கும் முறையைக் கண்டனர். புற்றணுவின் புறத்தே மிகுந்திருக்கும் ஏற்பியை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளில் கொடிய நஞ்சைக் கட்டி அனுப்பினால், அது பற்றிய இடத்தில் நஞ்சு இறங்கும். மார்பகப் புற்றுக்கு இவ்வகை மருந்து ஒன்று 2013இல் ஏற்கப்பட்டது.

இத்துணைக்குப் பின்னும் வெற்றி முழுமையாகிவிட்டது என்று கருதுதல் தவறு. முந்தைய பத்தாண்டின் ஆய்வுகள் பலவற்றை ஒருங்கே கணக்கிட்ட கனடா நாட்டு அறிஞர், செலுத்திய நுண்துகளில் கட்டியைச் சென்று சேர்வது நடுமதிப்பில் 0.7 விழுக்காடே என்று 2016இல் தெரிவித்தனர். அவ்வாய்வுகள் பெரும்பாலும் எலிகளில் நிகழ்ந்தவை. எய்த அம்பு நூற்றில் ஒன்றேனும் இலக்கிற் படவில்லை என்பது இதன் பொருள். இக்கணக்கு ஊக்கத்தைக் குறைக்கும் என்று அவர்கள் மறைத்தாரல்லர். எர்லிக்கும் தம் மருந்தால் நேர்ந்த தீங்கை மறைத்தாரல்லர். குறையை அளந்தறிந்தவனே அதனை நீக்க வல்லவன்.

பிரான்சிஸ்கா பெருமாட்டியார் நிறுவிய ஆராய்ச்சி இல்லம் பிராங்பர்ட் நகரில் இன்றும் உள்ளது. 606 பிறந்த அவ்வில்லத்தில் இப்பொழுது நடைபெறுவது புற்றுநோய் ஆராய்ச்சியே. எர்லிக் முடிக்காது விட்டுச் சென்ற வேலையை, அவர் நடமாடிய இல்லத்திலேயே, அவர் முகம் காணாத இளைஞர்கள் தொடர்ந்து செய்து வருகின்றனர். ஒதுக்கித் தள்ளிய பொருளையும் மீண்டும் ஒருமுறை சோதித்துப் பார்க்கும் பொறுமையும், நோயாளிக்கு நேரும் துன்பத்தைத் தம் துன்பமாக எண்ணி அளக்கும் நேர்மையும் அவர்களுக்கு எர்லிக் வைத்துச் சென்ற செல்வங்கள். களையை மட்டும் பறிக்கும் உழவனின் கண் மருந்துக்கு முழுதும் வாய்க்கும் நாள் வருமாயின், அந்நாளின் பெருமையில் சாயக் கறை படிந்த அந்தக் கைகளுக்கும் பங்குண்டு.